700 டன் கணக்கும் எண்ணூர்க் கரையும்

2017 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூருக்கு அப்பால் கடலில் கொட்டிய எண்ணெய், அரசு ஏட்டின்படி பார்த்தால், சிறிய கசிவு. எண்ணெய்க் கசிவுகளைச் சமாளிக்க இந்தியாவில் 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. அது கசிவுகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 700 டன் வரை முதல் படி. 10,000 டன் வரை இரண்டாம் படி. அதற்கு மேல் மூன்றாம் படி. எண்ணூரில் கொட்டியது, எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், 300 டன்னைத் தாண்டவில்லை. முதல் படியில்கூடப் பாதி ஏறவில்லை. அந்த எண்ணெய்தான் எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் குப்பத்துக் கற்களைக் கருப்பாக்கியது. மெரினாவைத் தாண்டித் தெற்கே திட்டுத் திட்டாக ஒதுங்கியது. காசிமேட்டு மீனைக் கண்டால் வாங்குகிறவர்களைத் தயங்க வைத்தது.

அன்று மோதிக்கொண்டவை இரண்டு கப்பல்கள். காமராசர் துறைமுகத்தில் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது 'பி.டபிள்யூ. மேப்பிள்'. பெட்ரோலியப் பொருள்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது 'டான் காஞ்சிபுரம்'. கடலில் கொட்டியது அதன் சரக்கல்ல, அந்தக் கப்பல் தன் எஞ்சினுக்காக வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில். பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு 20 டன் என்றார்கள். அது 200 டன்னை நெருங்கியது, அதற்கும் மேலே போனது. மறைத்தார்கள் என்று ஊர் பேசியது. மறைப்பு இருந்ததோ இல்லையோ, அந்தத் தடுமாற்றத்துக்கு இயற்பியலில் ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தத் தேசியத் திட்டத்தை நடத்துவது எந்த அமைச்சகம் என்று கேட்டால், சுற்றுச்சூழல் என்றோ கப்பல் போக்குவரத்து என்றோதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஓர் ஆயுதப்படையின் வேலை. இந்தியக் கடலோரக் காவல்படையை அமைத்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதன் கடமைகளைச் சொல்கிறது. மீனவரைக் காப்பது, கடத்தலைத் தடுப்பது ஆகியவற்றோடு கடல்சூழலைப் பேணுவதும் கடல் மாசைக் கட்டுப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. உலகச் சுற்றுச்சூழல் நாளன்று மரக்கன்று நடும் படைகளை நமக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழிலேயே சுற்றுச்சூழலை எழுதி வாங்கி வந்த படை இது. தரையில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது பிராந்திய ராணுவத்தின் சூழலியல் படைப்பிரிவு. சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி மொட்டையாகிப் போன முசோரி மலைகளை மீண்டும் பச்சையாக்க 1982இல் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டு தொடங்கப்பட்டது அது.

கடலோரக் காவல்படைக்கு மாசு ஒழிப்புக்கென்றே கட்டிய பெரிய கப்பல்கள் இருக்கின்றன. மேலிருந்து பார்க்க டோர்னியர் விமானங்கள், மருந்து தெளிக்க ஹெலிகாப்டர்கள், சென்னையிலேயே ஒரு மாசு எதிர்ப்புக் குழு எல்லாம் உண்டு. கிழக்கு மண்டலத் தலைமையகம் நேப்பியர் பாலத்துக்கு அருகில்தான், வடசென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். படை இருக்கிறது, கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2017இல் எர்ணாவூரில் கடைசிவரை கைகொடுத்தது பிளாஸ்டிக் வாளி. வரிசையாக நின்று, எண்ணெயை முகந்து, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், தீயணைப்புத் துறையினர், காவல்படை வீரர்கள் என ஆயிரக்கணக்கான பேர்.

ஏன் வாளி? பணமில்லாததாலோ சோம்பலாலோ அல்ல. எண்ணெய் கரைக்கு வரும்போது வேறொரு பொருளாகிவிடுகிறது. படை வைத்திருந்த கருவியெல்லாம் பழைய பொருளுக்கானது.

எண்ணெய் கடலில் விழுந்த முதல் மணி நேரத்தில் வேகமாகப் பரவும். அது எவ்வளவு மெல்லிய படலமாகும் என்பதை நிறத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். வெள்ளிப் பளபளப்பாகத் தெரிந்தால் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் 25இல் ஒரு பங்கு முதல் 3இல் ஒரு பங்கு வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. வானவில் நிறம் தெரிந்தால் 5 மைக்ரான் வரை. எண்ணெயின் சொந்தக் கருப்பு தெரிந்தால் 200 மைக்ரானுக்கு மேல். மிக மெல்லிய வெள்ளிப் படலமாக விரிந்தால் ஒரு கன மீட்டர் எண்ணெய் 25 சதுர கிலோமீட்டரை மூடிவிடும். அதே எண்ணெய் 200 மைக்ரான் கருப்பாகக் கிடந்தால் பிடிக்கும் இடம் ஒன்றேகால் ஏக்கர்தான். விமானத்தின் சன்னல் வழியே பார்ப்பவர், எந்த நிறம் எத்தனை பரப்பு என்று குறித்துப் பெருக்கித்தான் டன் கணக்கு சொல்ல வேண்டும். நிறத்தில் ஒரு படி பிசகினால் விடையில் பத்து மடங்கு, நூறு மடங்கு பிசகும். இருட்டில் மோதிய கப்பலிலிருந்து விடிந்த பிறகும் எண்ணெய் பரவிக்கொண்டே இருந்தால், முதல் நாள் சொல்லும் எண் எதுவானாலும் அதைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். அதிகாரிகள் அதைச் சொல்லியிருக்கலாம். எண்ணைச் சொல்லிவிட்டு அதன் நிச்சயமின்மையைச் சொல்லாமல் விடுவது நம் அலுவலகங்களின் பழைய வழக்கம்.

படலம் போகும் திசையைக் கணிப்பது இதைவிட எளிது. நீரோட்டத்தோடு சேர்ந்து போகும். மேலே வீசும் காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீத வேகத்தில் காற்றோடும் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வாடைக்காற்று அடித்தால், காற்று மட்டுமே ஒரு நாளில் எண்ணெயை 14 கிலோமீட்டர் இழுத்துவிடும். ஜனவரிக் கடைசியில் வாடை முழுதாக அடங்கியிருக்காது. எனவே எண்ணெய் தெற்கே போனதில் வியப்பில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்தப் பாதைக் கணிப்பைச் செய்து தருகிறது. அதாவது எந்தக் கரைக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழி இருந்தது.

இனி பொருள் மாறும் கதை. பெட்ரோலாக இருந்தால் வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருக்கும். ஃபர்னஸ் ஆயில் சுத்திகரிப்பின் அடிமண்டி. ஆவியாகக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே எடுத்துவிட்ட மிச்சம். அலை அதைக் கலக்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் புகுந்துகொள்கின்றன. எண்ணெயில் உள்ள தார்ப்பொருள்களும் மெழுகும் ஒவ்வொரு துளியையும் சுற்றித் தோலாகப் படிந்து, துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடாமல் பிடித்து வைக்கின்றன. போகப் போக 70, 80 சதவீதம் தண்ணீராக இருக்கும் ஒரு கெட்டிக் குழம்பு உருவாகிறது. கப்பல் உலகம் இதைச் 'சாக்லேட் மூஸ்' என்கிறது. நம் கண்ணுக்குக் கருப்பட்டி அல்வா. கன அளவு மூன்று நான்கு மடங்கு பெருகும். பிசுபிசுப்பு நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடும். 200 டன் கொட்டியதென்றால் கரையில் வார வேண்டியது 200 டன் அல்ல. அதோடு மணலும் குப்பையும் சேர்ந்தால் கணக்கு இன்னும் வீங்கும்.

சாக்கடை அடைப்பு எடுக்கும் 'சூப்பர் சக்கர்' வண்டிகளை எர்ணாவூருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டி சாக்கடைக் கசடை உறிஞ்சுவதற்கானது. இந்தக் குழம்பு குழாய்க்குள் நகரவே இல்லை. கடல் தண்ணீர்தான் ஏறியது. வாளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிசுபிசுப்பு எவ்வளவானாலும் வாளி முகக்கும்.

கரையின் அமைப்பும் சேர்ந்து சதி செய்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்கரை என்பது பெரும்பாலும் கருங்கல். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீட்டித் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே இருக்கும் மூலையில் மிதப்பதெல்லாம் வந்து தங்கும். அதற்குத்தானே கட்டியது, மணலைத் தங்க வைக்க. எண்ணெயும் தங்கியது. கற்களின் இடுக்குகளில் புகுந்ததை எந்த இயந்திரமும் எட்டவில்லை. ஒவ்வொரு கடலேற்றத்திலும் கொஞ்சம் வெளியே வந்து மறுபடி பூசிவிட்டுப் போனது.

காவல்படையின் வேகமான ஆயுதம் 'டிஸ்பர்சன்ட்' என்னும் சிதறடிப்பான். பாத்திரம் துலக்கும் திரவத்தின் அதே வேதியியல். மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். படலம் உடைந்து, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுள்ள துளிகளாகி நீருக்குள் இறங்கும். துளி சிறுத்தால் பரப்பு பெருகும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். எண்ணெய் மறைந்துவிடுவதில்லை, மேற்பரப்பிலிருந்து நீரின் உடம்புக்குள் மாற்றப்படுகிறது. ஆழ்கடலில் இது நியாயமான பேரம். கரைக்கு வரவிருந்த எண்ணெய் ஆழத்தில் நீர்த்துப் போகிறது. ஆழமில்லாத கழிமுகத்தில் அதையே செய்தால், மேலே மிதந்த நஞ்சை இறால் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் நாமே கலக்கிக் கொடுத்ததாகும். அதனால்தான் ஆழம் குறைந்த இடங்களிலும் அலையாத்திக் காடுகளின் பக்கத்திலும் இதைத் தெளிக்கக் கூடாது என்பது பொது விதி. போதாததற்குக் கெட்டிக் குழம்பான எண்ணெயை இது உடைப்பதும் அரிது. ஆக, கரைக்கு நெருங்க நெருங்க அந்த ஆயுதம் மழுங்கிக்கொண்டே வருகிறது.

திட்ட ஏட்டிலும் அதே இடத்தில்தான் கோடு விழுகிறது. திறந்த கடல் காவல்படைக்கு. துறைமுக எல்லைக்குள் துறைமுகத்துக்கு. எண்ணெய் இறக்கும் நிலையங்களைச் சுற்றி 500 மீட்டர் எண்ணெய் நிறுவனத்துக்கு. கரை மாநில அரசுக்கு, நடைமுறையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட நிர்வாகம், மீன்வளத் துறை, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஒத்திகை பார்த்த படை நிற்கும் இடத்தில் பொருள் இளகலாக இருக்கிறது. அது கெட்டிப்பட்டு, ஒட்டிக்கொண்டு, மிகக் கடினமாகும் இடத்தில் பொறுப்பு, ஒத்திகையே பார்க்காத பல கைகளுக்குப் போகிறது. என் பார்வையில் எண்ணூரின் பிரச்சினை இதுதான். டன்னை அளந்து படி பிரிக்கும் திட்டம், எங்கே விழுந்தது என்பதை அளக்கவில்லை.

அளவைவிட இடம் முக்கியம் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் 'ஃபுளோரிடா' என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டி, சுமார் 7 லட்சம் லிட்டர் டீசல் வகை எண்ணெய் வெஸ்ட் ஃபால்மவுத் சதுப்பில் புகுந்தது. நம் ஏட்டின்படி அதுவும் முதல் படிதான். பக்கத்திலேயே இருந்த வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தினர் விடாமல் பார்த்துவந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்துச் சேற்றை வெட்டி எடுத்தபோதும் உள்ளே எண்ணெய் இருந்தது. மேலே புல் வளர்ந்திருந்தது. கீழே காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்களால் அதைத் தின்று தீர்க்க முடியவில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தின் சேறு அப்படிப்பட்டதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து, முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போனது. 2017இல் எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வந்தது. இந்த முறை ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போனது. தேசியத் திட்டம் முகம் காட்டி நின்ற திசைக்கு நேர் எதிர்த் திசை. சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. காவல்படை வானிலிருந்து பார்த்து, சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதாகக் கணித்தது. முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் ஹெலிகாப்டரிலிருந்து சிதறடிப்பானைத் தெளித்தது. தனக்குக் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் தன் வேலையைச் செய்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் சிவன்படைக் குப்பத்திலும், மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளில் போய்க் கையால் முகந்துகொண்டிருந்தார்கள். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகளில் எண்ணெய் ஏறியிருந்தது.

அலையாத்தி மரங்களுக்கு நேர்ந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத காயம். சேற்றில் ஆக்சிஜன் கிடையாது என்பதால் அவை மூச்சுவேர்களை மேலே நீட்டுகின்றன. வேரின் தோலில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று கீழே போகும். ஏற்றத்தில் வந்த எண்ணெய் வற்றத்தில் அந்த வேர்களில் பூசிக்கொண்டால் துளைகள் அடைபடும். மரம் அன்றே சாகாது. மாதக்கணக்கில் இலை உதிர்ந்து மெலியும்.

அமெரிக்காவில் இந்தக் கோடு வேறு இடத்தில் போடப்பட்டிருக்கிறது. அங்கேயும் கடலோரக் காவல்படைதான். அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் ஆயுதப்படை. ஆனால் அதன் அதிகாரி பொறுப்பேற்கும் 'கடலோர மண்டலம்' கரையையும் சேர்த்தது. நீரிலும் மணலிலும் ஒரே ஆளின் கட்டளை. பக்கத்தில் அறிவியல் ஆலோசனை சொல்ல ஒருவர். 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, பயிற்சி பெற்ற குழுக்கள் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து நடந்தே அளந்தன. எந்தக் கல்லில் எத்தனை தடிமன், எந்த மணலில் எத்தனை ஆழம், எதைத் தொடலாம், எதைத் தொடாமல் விடுவதே நல்லது என்று குறித்தன. அந்த முறை இன்று உலகெங்கும் பாடமாகிவிட்டது. தொடாமல் விடுவது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்கி மிதித்தால் மேலே கிடக்கும் எண்ணெயை நாமே காற்றில்லாத ஆழத்துக்குத் தள்ளிவிடுவோம். ஆர்வம் மிகுந்த ஆயிரம் பேரைவிட, எங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த பத்துப் பேர் அதிகம் உதவுவார்கள்.

கரையைத் தாண்டி இன்னும் உள்ளே வந்தால் தண்டையார்பேட்டை. இங்கே எண்ணெய் இன்னொரு வேடம் போடுகிறது. துறைமுகத்தில் இறங்கும் எண்ணெயைத் தேக்கத் தொட்டிகளும், அவற்றை இணைக்கத் தெருவடியில் குழாய்களும் என்று வடசென்னை பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டபோது குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். போர்ப்படைக்கு எண்ணெய்த் தொட்டி என்றால் என்ன என்பது அன்றே இந்த ஊருக்குத் தெரிந்துவிட்டது. பின்னாளில் வந்த பர்மா-ஷெல்லின் சொத்துகள் 1976இல் அரசுடைமையாகிப் பிறகு பாரத் பெட்ரோலியம் ஆயின. 2013இல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. அந்த நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கிணறுகள் தோண்டி எண்ணெயை மேலே எடுத்தார்கள்.

எடுப்பது ஏன் அவ்வளவு கடினம்? மண்ணில் இறங்கும் எண்ணெய் நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன் மேலே மிதக்கும். குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. மணல் துகள்களின் இடுக்குகளில் தண்ணீரோடும் காற்றோடும் இடம் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும், எண்ணெயையும் மேலே தூக்கும். கோடையில் இறங்கும், எண்ணெயும் இறங்கும். ஒவ்வொரு முறையும் போகும் வழியெல்லாம் கொஞ்சம் பூசிவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் மெல்லிய அடுக்காக இருந்தது சில மீட்டர் தடிமனுள்ள எண்ணெய் ஊறிய மண்ணாகிவிடும். இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக மாட்டிக்கொண்டதைப் பம்பு இழுக்காது. பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சொட்டுகளிலிருந்து பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்படியானால் ஒரே ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இதே இயற்பியல் ஒரு கடற்படையை மண்டியிட வைத்த கதை ஹவாயில் நடந்தது. முத்துத் துறைமுகத்துக்கு மேலே ரெட் ஹில் என்ற குன்றைக் குடைந்து, 1940 முதல் 1943 வரை அமெரிக்கக் கடற்படை 20 எரிபொருள் தொட்டிகளை ரகசியமாகக் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், சுமார் 4.7 கோடி லிட்டர் கொள்ளளவு. எம்டன் போன்ற எதிரி வந்தாலும் தொட முடியாத இடம். ஆனால் தொட்டிகளுக்குச் சுமார் 100 அடி கீழே ஹோனலூலு பகுதிக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர் இருந்தது. 2014இல் ஒரு தொட்டியிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் கசிந்தது. கட்டுக்குள் இருக்கிறது என்றது கடற்படை. 2021 நவம்பரில் மறுபடி கசிந்து, கடற்படையின் சொந்தக் குடிநீர்க் கிணற்றிலேயே கலந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் சுமார் 93,000 பேர், பெரும்பாலும் படைவீரர்களின் குடும்பங்கள். தொட்டிகளைக் காலி செய்யும்படி ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறை உத்தரவிட்டது. கடற்படை முதலில் எதிர்த்தது. 2022 மார்ச்சில் பாதுகாப்புத் துறையே நிலையத்தை மூடிவிடுவதாக அறிவித்தது. அந்தக் கதையில் என்னை நிறுத்துவது கசிவல்ல, கசிவுகள் எங்கும் நடக்கும். மாநிலத்தின் ஒரு சுகாதார அலுவலகம் அமெரிக்கக் கடற்படைக்கே உத்தரவு போட முடிந்தது. அது காகிதத்தோடு நின்றுவிடவில்லை.

நம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் சுமார் 18 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. சென்னையிலேயே பரங்கிமலை, பல்லாவரம், ஆவடி, தாம்பரம் என்று வரிசை. மதிலுக்குள் மரங்கள் பிழைத்திருப்பதற்கு அந்த மதில்தான் காரணம் என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மதில் கேள்விகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தருகிறது. 2023ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பாதுகாப்புக் கட்டுமானத்துக்காக 10 ஹெக்டேர் வரை காட்டு நிலத்துக்குச் சலுகை தருகிறது. ரகசியம் தேவைப்படும் இடங்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எரிபொருள் தொட்டிக்குக் கீழே உள்ள நிலத்தடி நீரில் எவ்வளவு பென்சீன் இருக்கிறது என்பதில் எந்த எதிரிக்கு என்ன லாபம்? மதிலுக்கு வெளியே கிணறு வைத்திருப்பவருக்குத்தான் அது வேண்டும். மதிலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

2017இல் அள்ளிய கசடு எங்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காமராசர் துறைமுக வளாகத்தில் குழி வெட்டி, அதில் பரப்பி, இந்தியன் ஆயில் ஆய்வு மையம் வளர்த்த பாக்டீரியாக்களைக் கலந்து, அவ்வப்போது கிளறி ஈரப்படுத்திச் சிதைய விட்டார்கள். கிளறுவது ஏனென்றால் ஆக்சிஜனுக்காக. வெஸ்ட் ஃபால்மவுத் சேற்றில் 30 ஆண்டில் முடியாததை, காற்று புகவிட்டால் பாக்டீரியா மாதக்கணக்கில் பெருமளவு முடித்துவிடும். கனமான தார்ப்பொருள் மட்டும் மிஞ்சும்.

கடலோரக் காவல்படை தேசிய அளவில் மாசு எதிர்ப்பு ஒத்திகைகளை நடத்திவருகிறது. 2023 நவம்பர் 25இல் குஜராத்தின் வாடினார் கடலில் ஒன்று நடந்தது. அது முடிந்து இரண்டு வாரத்துக்குள் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. அடுத்தது 2025 அக்டோபரில் சென்னையில். அதில் முதல் முறையாகக் கரையைத் துப்புரவு செய்யும் ஒத்திகையும் சேர்க்கப்பட்டது. கோடு மெல்ல நகர்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். இடம் மெரினா.

மெரினா அகன்ற மணல். வண்டி இறங்கும், மண்வாரி ஓடும், எண்ணெய் மணலின் மேலடுக்கில் நிற்கும், வழித்தெடுக்கலாம். எண்ணெய் வருவது எண்ணூருக்கு. அங்கே இருப்பது தூண்டில் வளைவின் கற்கள், ஆழமில்லாத கழி, மூச்சுவேர்கள், இரண்டு பேர் எதிரெதிரே வர முடியாத குப்பத்துச் சந்துகள். அங்கே பார்க்க வேண்டிய ஒத்திகை வேறு. முகத்துவாரத்தை மிதவைத் தடுப்பால் எத்தனை நிமிடத்தில் மூடலாம்? வற்றத்தின் வேகத்தில் அந்தத் தடுப்பு நிற்குமா? கெட்டிக் குழம்பை இழுக்கும் பம்பு எந்தக் கிடங்கில் இருக்கிறது, சாவி யாரிடம்? படகோடு வருகிற மீனவருக்குக் கையுறையும் முகமூடியும் முதல் நாளிலேயே யார் தருவது? எந்தச் சேற்றில் இறங்கக் கூடாது என்று வரைபடம் போட்டாயிற்றா? மழைக்காலத்தில் மணலிப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கும்போது பக்கிங்காம் கால்வாயின் எந்தப் பாலத்தடியில் முதல் தடுப்பைப் போடுவது? ஐப்பசி பிறப்பதற்குள் இதற்கெல்லாம் விடை எழுதி, நேப்பியர் பாலத்து அலுவலகத்திலும் காட்டுக்குப்பத்துப் பஞ்சாயத்திலும் ஆளுக்கொரு பிரதி வைக்கலாம். இதற்குப் புதுக் கப்பல் எதுவும் தேவைப்படாது.